அட்மிஷன் யார் பேரில்?

தமிழ்நாட்டின் மகப்பேறு மருத்துவர்களுக்கும், கருத்தரிப்பு மையம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்களுடைய பழைய பேஷன்ட். ஈரோடு மாவட்டத்துக்காரி. 2011-லிருந்து 2016 வரை உங்களில் மூன்று பேருடைய வராந்தா நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறேன். ஸ்கேனுக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு டோக்கன் நம்பரையே பார்த்துக்கொண்டிருப்பது, ஊசி போட்டுப் போட்டு அடிவயிற்றில் நீலம் பாரித்துக் கிடப்பது, கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் ட்ரான்ஸ்ஃபர் முடிந்து பதினான்காம் நாள், கரு தங்கியதா என்று சொல்லும் பீட்டா ரத்தப் பரிசோதனையின் ரிசல்ட்டுக்காகப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போவது, எல்லாம் எனக்குத் தெரியும். உங்களில் பலர் அந்த நாட்களில் என்னிடம் அன்பாகவே இருந்தீர்கள். இந்தக் கடிதத்தில் கோபம் இருக்கிறது. அதில் ஒரு பங்கு எனக்கும் சேர்ந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

2016 ஜூன் மாதம். மூன்றாவது பீட்டாவும் நெகட்டிவ். பில்லைக் கட்டிவிட்டு வெளியே வருகிறோம். அந்த ஆஸ்பத்திரியில் பார்மசிக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு முடுக்கு உண்டு, வீல்சேர்களை மடக்கிச் சாத்தி வைத்திருப்பார்கள். இரண்டு வருடமாகப் பழகிய ஒரு சிஸ்டர் எங்களை அங்கே கூப்பிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, மனசு விட்டுறாதீங்க. ஒரு கேஸ் இருக்குதுங்க. காலேஜ் புள்ள, ஆறு மாசம். நல்ல குடும்பம். நீங்க சரின்னா அட்மிஷனே உங்க பேர்ல போட்டுரலாம். சர்ட்டிபிகேட்டும் நேரா உங்க பேர்லயே வந்துரும். தத்து கித்துன்னு பேச்சே வராது.”

என் கணவர் கேட்டார்: “மேடத்துக்குத் தெரியுமுங்களா?”

“மேடம் இதையெல்லாம் சேவையாத்தானுங்க செய்யறாங்க.”

சேவைக்கு மூன்றரை. லட்சம் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எங்களுக்குப் புரிந்தது. ஊருக்கு என்ன சொல்வது என்பதற்கும் அவரிடம் யோசனை இருந்தது. ஐவிஎஃப் என்பதால் கண்ணேறு படும் என்று இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வீட்டோடு சின்னதாக ஒரு வளைகாப்பு. அப்புறம் டாக்டர் பெட் ரெஸ்ட் சொல்லிவிட்டார் என்று கிளம்பி இங்கேயே வந்துவிடுங்கள். வளைகாப்புக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்பதைக்கூட அவர் யோசித்து வைத்திருந்ததைப் பார்த்தால், நாங்கள் முதல் ஆள் இல்லை என்று தெரிந்தது.

இந்த இடத்தில் நான் கோபத்தோடு எழுந்து வந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். நான்காவது முயற்சிக்கென்று எடுத்து வைத்த பணம் இருந்தது. மீதிக்கு என் வளையல் இருந்தது. நான்காம் நாள் என் கணவர் சிஸ்டருக்குப் போன் போட்டு, “கொஞ்சம் கொறைக்க முடியுமுங்களா?” என்று கேட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னது நான். நாங்கள் ஒரு குழந்தையைப் பேரம் பேசினோம். அந்த வாக்கியத்தை எழுத எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் சிஸ்டரே அழைத்தார். குறைக்க முடியாது, ஐம்பது கூட ஆகும் என்றார்.

“பையனுங்கக்கா.”

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். உங்கள் ஸ்கேன் அறைக் கதவுகளில் எல்லாம் அந்த போர்டு இருக்கிறது. பெற்றவளுக்கே சொல்லக் கூடாத அந்த விஷயம் எனக்கு விலைவிவரமாக வந்து சேர்ந்தது. அப்படியென்றால் யாரோ அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து, இன்னும் பிறக்காத பிள்ளையின் ரேட் என்ன என்று பார்த்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்குத்தான் கூசியது. பயமும் வந்தது. பாதி கூச்சம், பாதி பயம். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சிஸ்டருக்கு வருத்தமெல்லாம் இல்லை. “பரவாயில்லீங்க, ஆள் இருக்கறாங்க” என்றார். அந்தப் பையன் வேறு யாருடைய வீட்டுக்கோ போனான். இப்போது மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருப்பான்.

மூன்று வருடம் கழித்து, 2019 ஏப்ரலில், எல்லோருடைய போனுக்கும் ஓர் ஆடியோ வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ராசிபுரத்தில் விருப்ப ஓய்வு பெற்ற ஒரு செவிலிய உதவியாளர், குழந்தை கேட்ட ஒருவரிடம் நிதானமாக ரேட் சொல்லிக்கொண்டு போவார். ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை. நிறத்துக்கும் எடைக்கும் தக்கபடி ஏற்ற இறக்கம். பிறப்புச் சான்றிதழுக்குத் தனியாக எழுபதாயிரம். முப்பது வருடமாக இதைச் செய்வதாகவும் சொல்வார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. கொல்லிமலை கிராமங்களிலிருந்து குழந்தைகள் வாங்கப்பட்டதாகப் பேச்சு வந்தது. ஊரே அந்த அம்மாவின் குரலைக் கேட்டு அதிர்ந்தது. நான் அதிரவில்லை. நிதானம், கரிசனம், “கவலைப்படாதீங்க” என்ற அந்தத் தொனி, எல்லாவற்றையும் வீல்சேர் முடுக்கில் ஏற்கெனவே கேட்டிருந்தேன். எழுபதாயிரம் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன். சான்றிதழுக்குத் தனி விலை வைத்திருக்கிறார்களே, அதுதான் இந்த வியாபாரத்தில் உண்மையான சரக்கு என்று தோன்றியது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு புரோக்கரால் என்ன முடியும்? கர்ப்பிணியைக் கண்டுபிடிக்க முடியும், என்னைப் போன்றவளைக் கண்டுபிடிக்க முடியும், பணத்தைக் கைமாற்ற முடியும். ஒரு பிறப்பை வேறொருத்தியின் பிறப்பாக மாற்ற அவனால் முடியாது. அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைப் பற்றிப் பதிவாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டியவர் அதன் பொறுப்பு மருத்துவர். தாய் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது அங்கே தீர்மானமாகிறது. நகராட்சி அதை நம்பித்தான் முத்திரை குத்துகிறது. 2023-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, அந்த ஆண்டு அக்டோபர் முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்வதிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அந்த ஒரு கட்டத்தில் எழுதும் பொய் ஆயுசுக்கும் கூட வரும்.

தமிழ்நாட்டில் 2017-லிருந்து பிக்மி எண் இல்லாமல் சான்றிதழ் கிடையாது என்று ஆக்கினார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து வாங்கும் எண். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2023 அக்டோபரில் திருச்செங்கோட்டில் கைதானவர்களில் ஒருவர் அரசு மருத்துவமனையிலேயே மகப்பேறு பார்த்துவந்த மருத்துவர். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த ஒரு தம்பதியிடம் இரண்டு லட்சம் தருவதாகப் பேசப்போய், அவர்கள் மறுத்துப் புகார் கொடுத்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. மூன்று பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, கையில் காசில்லாமல், இரண்டு லட்சத்தை வேண்டாம் என்று சொன்ன அந்தத் தம்பதியை நினைக்கும்போது, எங்கள் ஒன்பது நாள் இன்னும் கேவலமாகத் தெரிகிறது.

2025 ஜூலையில் செகந்திராபாத். வாடகைத்தாய் மூலம் உங்கள் குழந்தை என்று சொல்லி ஒரு கருத்தரிப்பு மையம் ஒரு தம்பதியிடம் 35 லட்சம் வாங்கியது. சந்தேகப்பட்டு டிஎன்ஏ சோதனை செய்தால் குழந்தை அவர்களுடையதே இல்லை. பெற்ற அஸ்ஸாம் தம்பதிக்குக் கிடைத்தது 90 ஆயிரம் என்றது போலீஸ். இங்கே வாங்கியவர்களுக்கே தாங்கள் வாங்குகிறோம் என்று தெரியாது. இந்த வியாபாரம் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது.

இனி உங்களில் சிலர் மனதில் ஓடும் பதிலுக்கு வருகிறேன். எனக்கு அது தெரியும், ஏனென்றால் அந்த ஒன்பது நாளும் நானே அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். “அந்தப் பெண்ணுக்குக் குழந்தை வேண்டாம். இவர்களுக்கு வேண்டும். சட்டப்படி போனால் வருடக்கணக்கில் ஆகும். நாம் நடுவில் ஒரு கை கொடுத்தால் மூன்று பேருக்கும் நல்லதுதானே?”

வருடக்கணக்கில் ஆகிறது என்பது உண்மை. மத்திய தத்து ஆணையமான காராவில் பதிந்துவிட்டு 2025 நடுவில் காத்திருந்தவர்கள் 36 ஆயிரத்துக்கும் மேல். சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தைகள் மூவாயிரத்துக்கும் குறைவு. 2024-25-இல் நடந்த தத்துகள் 4,515. பல வருடங்களில் அதுதான் அதிகம். இதைப் பார்த்துவிட்டு ‘ரெட் டேப்’ என்று திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன். பிறகு நாங்களும் காராவில் பதிந்து, வீட்டு ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் கேஸ் அடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தபோது என் கணவருக்கு வந்த எரிச்சல் இன்னும் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் வரிசை நீளமாக இருப்பதற்குப் பெரிய காரணம், கொடுக்கப்படுகிற கைக்குழந்தைகள் அவ்வளவு இல்லை என்பதுதான். இல்லாத குழந்தையைப் பணம் எப்படிக் கொண்டுவருகிறது? தேடிப் போகிறது. கடன் இருக்கும் வீடு, குடிக்கிற புருஷன், மூன்றாவதும் பெண், கல்யாணமாகாத வயிறு என்று தேடிப் போய் உட்காருகிறது. நீங்கள் வேண்டாத குழந்தைக்கு வீடு தேடுவதாக நினைக்கிறீர்கள். முன்பணம் கைமாறிய வீட்டுக்குக் குழந்தை தேடுகிற வேலை அது.

அந்தக் கல்லூரிப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அவளுக்குக் குழந்தை வேண்டாம் என்று யார் சொன்னது? சிஸ்டர் சொன்னார். அவளிடம் யாராவது கேட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் ஆறாம் மாதத்தில் கேட்டதற்கு என்ன பொருள்? சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பெண்ணை அறிந்ததாக இருக்கிறது. குழந்தையை வளர்க்க முடியாத தாய், பிறந்த பிறகு குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். போட்ட பிறகும் யோசித்துப் பார்க்க அவளுக்கு இரண்டு மாதம் உண்டு. மனது மாறினால் வந்து வாங்கிக்கொள்ளலாம். பால் கட்டி நெஞ்சு வலிக்கிற அந்த நாட்களும் அதற்குள் வந்து போய்விடும். இந்த இரண்டு மாதத்தைத்தான் மூன்றரை லட்சம் அழித்துவிடுகிறது. பணம் கொடுத்தவளுக்குக் குழந்தை ரத்தம் துடைத்த கையோடு வேண்டும். அட்மிஷன் அவள் பெயரில் இருக்கிறது, பெற்றவள் திரும்பி வந்து கேட்டால் அவள் யார்? உங்கள் ரெக்கார்டுப்படி அவள் அங்கே பிரசவிக்கவே இல்லை.

அவள் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இன்னொரு முடிச்சு இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நீங்கள் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டார் காலில் விழுவார்கள், பெயர் வெளியே வரக்கூடாது என்பார்கள். அந்த நெருக்கடி உங்களுக்கு வருவதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. ஆனால் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கு நடந்ததை மறைத்து, அதே மூச்சில் அவள் பிள்ளைக்கு விலையும் பேசினால், அதற்குப் பேர் என்ன?

‘டைரக்டா எடுக்கிறது’ என்று எங்கள் பக்கம் இதைச் சொல்வார்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை. 1956-ஆம் வருட இந்து தத்தெடுப்புச் சட்டப்படி குடும்பத்துக்குள் தத்துக் கொடுப்பதற்கு இடமுண்டுதான். அண்ணன் பிள்ளையைத் தம்பி எடுப்பதும், அக்கா பிள்ளையைத் தங்கை எடுப்பதும் நம் வீடுகளில் புதிதில்லை. எல்லோருக்கும் தெரிந்து, சோறு போட்டு நடக்கும். அதே சட்டம் 17-ஆம் பிரிவில், தத்துக்காகப் பணமோ வேறு எதுவுமோ கைமாறக் கூடாது என்கிறது. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டத்தில் 81-ஆம் பிரிவு குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. விற்றவர் குழந்தையைப் பொறுப்பில் வைத்திருந்த ஆஸ்பத்திரி ஆள் என்றால் குறைந்தது மூன்று, அதிகம் ஏழு. வாங்க வந்த என்னைவிட உங்களுக்கு அதிகம். அந்த எழுத்து எதற்காகத் தனியாகச் சேர்க்கப்பட்டது என்று உங்களுக்குப் புரியாமல் இருக்காது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்த குழந்தை கடத்தப்பட்டால் முதல் வேலையாக அதன் லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னது.

லைசென்ஸ் உள்ள இடத்தில் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. சென்னைக் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள், தாயே ஒப்படைத்தது போன்ற பொய்ப் பத்திரங்களோடு, முறைப்படி பதிவான ஒரு தத்து நிறுவனம் வழியாக வெளிநாட்டுக்குப் போனது 2005-இல் வெளியே வந்தது. 2021-இல் மதுரையில் ஒரு காப்பகம், கொரோனாவில் இறந்துவிட்டதாகப் பொய்க் கணக்கு எழுதி உயிரோடிருந்த குழந்தையை விற்றது. அமெரிக்காவில் ஜார்ஜியா டான் என்று ஒரு அம்மா இருந்தார். டென்னசி மாநிலத்தில் மெம்ஃபிஸ் நகரில் 1924-லிருந்து 1950 வரை தத்து இல்லம் நடத்தியவர். ஏழைப் பெண்களை ஏமாற்றியும் திருடியும் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பணக்கார வீடுகளுக்கு விற்றார். அந்தக் காலம் முழுக்க ஊர் அவரைக் குழந்தைகளைக் காக்க வந்தவராகவே கொண்டாடியது, குடும்ப நீதிமன்ற நீதிபதி ஒருவரே உடந்தை. விசாரணை அறிவிப்பு வந்த சில நாளில் அவர் புற்றுநோயில் செத்துப்போனார். “மேடம் சேவையாத்தான் செய்யறாங்க” என்ற வார்த்தை எனக்கு அங்கே கேட்டது.

சரி, காராவிலும் பணம் கட்டினாயே என்று நீங்கள் கேட்கலாம். கட்டினேன். வீட்டு ஆய்வுக்கு 6,000, குழந்தையைப் பெறும்போது 40,000, பிறகு வந்து பார்த்த ஒவ்வொரு முறைக்கும் 2,000. அந்த நாற்பதாயிரம் இப்போது ஐம்பதாயிரம் ஆகிவிட்டது. அதுவும் விலைதானே என்று ஒரு ராத்திரி நானே உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். கறுப்போ சிவப்போ, ஆணோ பெண்ணோ, எந்தக் குழந்தையானாலும் ஒரே தொகை. எந்தக் குழந்தை என்று தெரிவதற்கு முன்பே அது அச்சாகியிருக்கிறது. பையன் என்றதும் ஐம்பதாயிரம் ஏறாது. குழந்தையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவனுக்கு அதில் பங்கு கிடையாது, அதனால் அடுத்த குழந்தையைத் தேட யாரும் கிளம்ப மாட்டார்கள். ரசீது இருக்கிறது. இவ்வளவும் சொல்லிய பிறகும், இந்த வரவு செலவு எதிலும் பெற்றவளுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. அவளுக்குப் பணம் கொடுத்தால் விற்பனை ஆகிவிடும் என்ற நியாயம் புரிகிறது. கர்ப்பமாக இருந்தபோதே யாராவது அவளுக்குச் சோறும் இடமும் கொடுத்திருந்தால் கொடுத்திருக்கவே மாட்டாளோ என்ற கேள்விக்கு அந்த நியாயத்தில் பதில் இல்லை.

2017 ஜனவரியில் பதிந்தோம். 2019 நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நான் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது மெசேஜ் வந்தது. ஒரு போட்டோ, மருத்துவ அறிக்கை, குழந்தையைப் பற்றிய குறிப்பு. சம்மதம் சொல்ல 48 மணி நேரம். நாங்கள் நாற்பது நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதக் குழந்தை, மொட்டை அடித்திருந்தார்கள், போட்டோ எடுத்தவர் மேல் கோபமாக இருந்தாள்.

அவளோடு ஒரு கோப்பும் வந்தது. அவள் பிறந்த நான்காம் நாள் ஓர் அரசு ஆஸ்பத்திரி வாசல் தொட்டிலில் கிடைத்திருக்கிறாள். 1992-இல் சேலத்தில் ஜெயலலிதா தொடங்கிவைத்தாரே, அந்தத் தொட்டில் குழந்தைத் திட்டத்தின் தொட்டில். எத்தனை மணிக்கு, எந்த ஆயா பார்த்தது, எடை எவ்வளவு, எந்தச் செய்தித்தாளில் விளம்பரம் போட்டார்கள், யாரும் வரவில்லை என்று குழு எந்தத் தேதியில் எழுதியது, எல்லாம் வரிசையாக இருக்கிறது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் பச்சைத் துண்டு ஒன்று, இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு. கயிற்றில் சின்னதாக ஒரு முடிச்சு. விட்டுவிட்டுப் போகிறவள், போவதற்கு முன் கண்ணேறு படக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் பார்த்த அன்றைக்கு நான் அழுத அழுகை மூன்று பீட்டாவுக்கும் அழுததில்லை.

என் மகளுக்கு ஐந்து வயதில் முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. “நான் யாரு வயித்துல இருந்தேன்?” என்றாள். கவரை எடுத்துக் கொடுத்தேன். கயிற்றைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள், எட்டவில்லை. “நான் இத்துனூண்டா இருந்தனா?” என்று சிரித்தாள். அவ்வளவுதான், விளையாடப் போய்விட்டாள். நாளைக்குப் பதினெட்டு வயதில் அவள் இன்னும் பெரிய கேள்விகளோடு வருவாள். வேர் தேடும் உரிமை அவளுக்குச் சட்டத்தில் இருக்கிறது. பதில் கிடைக்குமா தெரியாது, ஆனால் போய் நிற்க ஒரு கதவு உண்டு, திறந்து பார்க்க ஒரு கோப்பு உண்டு.

அந்தப் பையனுக்கு எதுவும் கிடையாது. அவனுடைய சான்றிதழில் இருப்பது அவனைப் பெறாதவளின் பெயர். சர்க்கரை வியாதி, இதய நோய் என்று பரம்பரை விவரம் கேட்டால் அவனே அறியாமல் உங்களிடம் பொய் சொல்வான். வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியத்தைச் சாப்பிட்டு வளர்வான். எங்கள் ஊர் வாய் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், அது ஏதோ ஒரு கல்யாண வீட்டில் தடுமாறி வெளியே வரும்.

நீங்கள் விற்றது அந்த ரகசியத்தை. நாங்கள் வாங்க வந்ததும் அதைத்தான். தத்து என்றால் என் மாமியார் வீட்டில் முகம் மாறும், சொத்தில் பேச்சு வரும், ‘யாரு பெத்ததோ’ என்பார்கள் என்று நாங்கள் பயந்தோம். காரா கொடுப்பதும் குழந்தைதான், சிஸ்டர் சொன்னதும் குழந்தைதான். சிஸ்டர் கூடவே பொய்யும் தருவதாகச் சொன்னார், நாங்கள் அதற்குத்தான் மயங்கினோம். (மாமியாருக்கு முகம் மாறியது உண்மைதான். பதினைந்து நாள். இப்போது பேத்தியை அவரிடமிருந்து வாங்கிப் பள்ளிக்கூடம் அனுப்புவதே பெரும்பாடு.) முதல் முறை பீட்டா நெகட்டிவ் ஆனபோதே உங்களில் ஒருவர் எங்களை உட்கார வைத்து, இப்படி ஒரு வழியும் இருக்கிறது, இன்றே பதிந்துவிட்டுச் சிகிச்சையையும் தொடருங்கள் என்று சொல்லியிருந்தால், மூன்றாவது நெகட்டிவ் வரும்போது எங்கள் வரிசை எண் எவ்வளவோ முன்னே போயிருக்கும். ஐந்து வருடத்தில், மூன்று ஆஸ்பத்திரியில், தத்து என்ற சொல்லை என்னிடம் சொன்ன ஒரே ஆள் அந்த சிஸ்டர். அதுவும் அது வராது என்று சொல்வதற்காக.

உங்கள் சங்கக் கூட்டங்களில் லேப்ராஸ்கோப்பி பற்றிப் பேசுகிற நேரத்தில் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். லேபர் வார்டுக்குள் படுத்திருக்கிறவளின் முகத்தையும் அட்மிஷன் சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற வேலையை ரிசப்ஷனுக்கு விடாதீர்கள், நீங்களே பாருங்கள். குழந்தை வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் அந்தக் குழந்தைக்கு நீங்கள் வீடு தேடித் தர வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன், 24 மணி நேரத்துக்குள். ஒப்படைக்க முடியும், பேர் வெளியே வராது, இரண்டு மாதம் இருக்கிறது என்ற மூன்று விஷயத்தை அவள் காதில் போடுங்கள். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிச் சுவரில் குடும்பக் கட்டுப்பாடு போர்டு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு போர்டு வைக்கலாம், செலவு நானே தருகிறேன்.

கடைசியாக ஒன்று. இது உங்களில் ஒரே ஒருவருக்கு மட்டும், இதைப் படிக்கிறீர்களா என்று தெரியாது.

2016 செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பையன் பிறந்தான். அட்மிஷன் புத்தகத்தில் முப்பதைத் தாண்டிய, கல்யாணமான ஒருத்தியின் பெயர் இருக்கும். டேபிளில் படுத்திருந்தது பத்தொன்பது, இருபது வயதுப் பெண். கேஸ் ஷீட்டில் ரத்த குரூப்பு, உயரம், எடை என்று அவளுடைய உடம்பு இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. பழைய ரெக்கார்டுகளைக் கட்டி எடைக்குப் போடுகிற நாள் வரும். அந்த ஒரு ஷீட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் உங்களுக்கோ அந்த சிஸ்டருக்கோ ஞாபகம் இருந்தால், ஒரு துண்டுத் தாளில் எழுதி அதோடு பின் அடித்து வையுங்கள். ஊர்ப் பெயர் தெரிந்தால் அதையும்.

அவன் என்றைக்காவது வரலாம்.

இப்படிக்கு,
ஓர் அம்மா,
ஈரோடு மாவட்டம்.